பூஜைக்குப் போன போல்ட்

கார் என் பேரில் இருக்கிறது. கடனை அடைத்ததும் என் சம்பளத்தில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னமும் அதை "மாமாவோட கார்" என்றுதான் சொல்கிறார்கள். மாமா என்றால் என் கணவர். அவர் அந்தக் காரில் ஏறியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

திருவனந்தபுரம் வலியசாலையில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஷெட் கிடையாது, கார் வாசலில் தெருவோரமாக நிற்கும். நான் விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். அவர் கோவளத்தில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பார்க்கிறார். ஒரே ரோடு, ஒரே திசை. இருந்தும் காலையில் நான் காரில் போவேன், அவர் கிழக்கேகோட்டைக்கு நடந்துபோய் பஸ் பிடிப்பார். முப்பது வருஷம் கார் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி, இடது பக்கப் பார்வை குறைந்துவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குச் சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். மறுநாள் நான் அதை எடுத்தேன். லைசென்ஸ் எடுத்துப் பதினைந்து வருஷமாகியிருந்தது, ஓட்டத்தான் விட்டதில்லை. "நீ ஓட்டினா நேக்குத் தலை சுத்தும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு அந்தக் கார் வேண்டும். அலங்காரமாகச் சொல்ல வரவில்லை. காலையில் நாற்பது நிமிஷம், சாயந்திரம் நாற்பது நிமிஷம், அதற்குள் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ண வேண்டாம், மானேஜருக்கு எந்தக் கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டாம். நாற்பத்தொன்பது வயதில் எனக்கென்று கதவு பூட்டிக்கொள்ளக் கிடைத்த முதல் இடம் அது.

அதைத்தான் விற்கச் சொன்னார்.

காரணம் சர்வீஸ் பில். வருஷா வருஷம் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில்தான் விடுவது வழக்கம். அவர் காலத்திலிருந்தே அப்படித்தான். நானும் ஒழுங்காக விட்டேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சர்க்கரை அதிகமான காப்பி கொடுத்து, மத்தியானம் பில்லை நீட்டுவார்கள். ஆயில் மாற்றத்தான் கொடுத்திருப்போம். பில்லில் இன்ஜின் உள்கழுவல், ஏசி கிருமிநாசினி, பிரேக் சுத்தம், பேட்டரி முனைக்குப் பூச்சு என்று வால் நீண்டுகொண்டே போகும். அந்த வருஷம் ஏழாயிரத்து எண்ணூறு. இதில் பாதிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "கம்பனி ரெக்கமண்ட் செய்யுந்நதாணு மேடம்" என்றார் நீலச்சட்டை போட்ட சர்வீஸ் அட்வைசர். கம்பெனி சிபாரிசு செய்தது என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

வீட்டில் பில்லைப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பஸ்ஸுக்கு மாசம் எவ்வளவு ஆறது தெரியுமோ நோக்கு? இந்த வண்டியை வித்துடலாம். தீபாவளிக்கு முன்னால கொடுத்தா நல்ல விலை கிடைக்கும்."

பெட்ரோல் விலையைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இந்தப் பில்லுக்கு என்னிடம் பதில் இல்லை. அதுதான் எரிச்சல்.

எங்கள் ஆபீசுக்கு ஒரு டிரைவர் உண்டு. பாறசாலைக்கு அப்புறம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தன் வண்டிக்குத் தானே ஆயில் மாற்றுகிறவர். பில்லைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.

"ஒங்க தலையில நல்லா மொளகா அரச்சிருக்கானுவ" என்றார். "இந்த ஃபில்டர மாத்துனானுவளான்னாவது பாத்தியளா?"

எப்படிப் பார்ப்பது? அவர் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜினின் ஓரத்தில், கீழே, ஒரு சின்ன பெயிண்ட் டப்பா அளவுக்குக் கறுப்பாக ஒன்று. புதுசு இவ்வளவு அழுக்காக இருக்காது என்றார். ஆனால் அழுக்கை வைத்து வழக்காட முடியாது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

தீபாவளிக்கு விற்கும் பேச்சை எப்படியோ ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். அடுத்த சர்வீசுக்கு விடுவதற்கு முந்தின நாள், ஆபீஸ் முற்றத்தில், என் நெற்றியிலிருந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, கையை உள்ளே விட்டு, அந்த ஃபில்டரைத் துடைத்து அதன்மேல் ஒட்டினேன். டிரைவர் சிரித்த சிரிப்பில் காவலாளி ஓடிவந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் பில் வந்தது. ஆயில் ஃபில்டர், ஒன்று. பணம் கட்டுவதற்கு முன்னால் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். டார்ச்சும் கொண்டுபோயிருந்தேன். சூட்டில் ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது, மற்றபடி என் பொட்டு அங்கேயே லட்சணமாக இருந்தது.

"ஃபில்டர் மாற்றியிட்டுண்டு மேடம். பில்லில் உண்டல்லோ" என்றார் அட்வைசர்.

"பில்லில் உண்டு. காரில் இல்லை" என்றேன் மலையாளத்தில், கண்ணாடி அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

உடனே மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். இலவசமாக வண்டி கழுவித் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த சர்வீசில் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அடுத்த சர்வீஸ் என்று ஒன்று இங்கே கிடையாது என்று சொல்லிவிட்டு ஃபில்டர் பணத்தைக் கழித்துக் கட்டி வண்டியை எடுத்து வந்தேன்.  அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த ரோட்டில் ஓட்டியதே இல்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "பாத்தியா, அதுக்குத்தான் விக்கச் சொல்றேன்" என்றார்.

"விக்க மாட்டேன். இனிமே நானே பண்றேன்."

"ஆயில் மாத்தறது என்ன தோசை வார்க்கறதாக்கும்னு நெனச்சியோ?"

"இல்லை. தோசை வார்க்கறது கஷ்டம்."

அவருக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஓர் ஒப்பந்தம் போட்டார். அடுத்த ஆயில் மாற்றுவதை நானே செய்ய வேண்டும். இன்ஜினுக்கு ஏதாவது ஆனாலோ, கார் திரும்ப அந்த சர்வீஸ் சென்டர் வாசலை மிதித்தாலோ, விற்பனைக் காகிதத்தில் நான் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட வேண்டும். செய்துகாட்டிவிட்டால் அவர் இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். சம்மதம் என்றேன். அப்படித்தான் என் கார் பணயத்துக்குப் போனது.

அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய சமயம் நவராத்திரியில் வந்தது. மூன்றரை லிட்டர் ஆயில், ஃபில்டர், ஒரு செம்பு வாஷர், எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு. ரசீதை அவர் கண்ணில் படும்படி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். தச்சரிடம் சொல்லி முன்சக்கரம் ஏற இரண்டு சரிவுப் பலகைகள் செய்து வாங்கினேன். துர்காஷ்டமி அன்று மத்தியானம் ஆபீஸ் அரை நாள். வீட்டில் யாருமில்லை. அவருடைய பழைய பாண்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, காரைப் பலகையில் ஏற்றி, கியரில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரத்துக்கு அம்மிக்குழவியை அடைகொடுத்து, பாயை விரித்து அடியில் போய்ப் படுத்தேன்.

எதிர்வீட்டு மாமி வாசலுக்கு வந்தாள். "என்னடீ இது கூத்து? பொம்மனாட்டி நடுத்தெருவுல கார் அடியில படுத்துண்டு! மாமாக்குத் தெரியுமோ?"

"தெரியும் மாமி. கொஞ்சம் அந்தத் துணியை எடுத்துத் தாங்கோ" என்றேன். கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

ட்ரெயின் போல்ட் என்பது இன்ஜினின் அடியில் ஆயிலை அடைத்து வைத்திருக்கும் மரை ஆணி, கட்டைவிரல் தடிமன் இருக்கும். அதைக் கழற்றினால் பழைய ஆயில் முழுக்க இறங்கிவிடும். முதல் அழுத்தில் அது அசையவில்லை. பல்லைக் கடித்து ஸ்பேனரைக் காலால் உதைத்தேன், கொடுத்தது. கறுப்பாக, சுடச்சுட, தட்டில் விழுந்தது. ஃபில்டரைக் கையாலேயே திருகிக் கழற்றிப் புதியதை மாட்டினேன். போல்ட்டைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, வாஷர், ஸ்பேனர், புது ஆயில் கேன் எல்லாவற்றையும் வாசற்படியில் வரிசையாக வைத்தேன். கடைசிச் சொட்டுவரை இறங்கட்டும் என்று விட்டிருந்தபோது ஆபீசிலிருந்து போன் வந்தது. மறுநாள் வரவேண்டிய கப்பலின் காகிதத்தில் ஏதோ குழப்பம். மாடிக்குப் போய் லாப்டாப்பைத் திறந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

கீழே மணிச்சத்தம் கேட்டது. இறங்கி வந்தால் சாம்பிராணிப் புகை. அவர் ஹோட்டலிலிருந்து சீக்கிரம் வந்து, குளித்து, பூஜை வைத்து முடித்திருந்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டு விரித்து, புஸ்தகங்கள், அவருடைய பேனா, அரிவாள்மணை, கத்தரிக்கோல். அவற்றுக்கு நடுவில் என் ஸ்பேனர். அதன் பக்கத்தில் புது ஆயில் கேன், நெற்றியில் இட்டது போல் ஒரு குங்குமப் பொட்டோடு. ஒரு வெற்றிலையின் மேல், தேய்த்துக் கழுவிப் பளபளவென்று, சந்தனம் குங்குமம் இட்டு, ஒரு செம்பருத்திப் பூ வைத்து, என் ட்ரெயின் போல்ட்.

எங்கள் ஊரில் இதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அஷ்டமி சாயந்திரம் பூஜைக்கு வைத்த புஸ்தகத்தையும் ஆயுதத்தையும் தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. வாசிக்கக்கூடாது, வேலை செய்யக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதனாலேயே அது பிரியமான பண்டிகை. எனக்கோ, அடியில் ஓட்டையோடு ஒரு கார் தெருவில் நிற்கிறது.

"ஏன்னா, இது என்ன பண்ணியிருக்கேள்?"

"ஆயுதபூஜை. நோக்கும் இப்போ ஆயுதம் உண்டல்லோ" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பிறகு போனை எடுத்தார். "சர்வீஸ் சென்டர்ல சொன்னா வண்டி வந்து கட்டித் தூக்கிண்டு போகும். பூஜை எடுத்ததும் அவாளே சரிபண்ணிக் கொடுத்துடுவா. கூப்பிடட்டுமா?"

"அந்த போனைக் கீழே வைங்கோ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வைத்தார்.

போல்ட்டை எடுக்கக் கை நீண்டது உண்மை. எடுக்கவில்லை. எனக்குச் சரஸ்வதியோடு ஒரு சண்டையும் கிடையாது. அவளுடைய இடத்திலிருந்து பறித்துக்கொண்டு ஜெயித்தேன் என்று நாளைக்கு இவர் சொல்வதற்கு இடம்கொடுக்கவும் மனமில்லை. டிரைவரைக் கூப்பிட்டு வேறு போல்ட் கிடைக்குமா என்று கேட்டேன்.

"நமக்குப் பூஜை கெடையாதும்மா, கடையத் தொறந்தா நான் இப்பமே வாங்கியாருவேன். ஆனா திருவனந்தபுரத்துல ஒரு வொர்க்ஷாப்காரனும் விஜயதசமி வரை ஸ்பேனரத் தொடமாட்டான். எல்லாவனும் சாமிக்கு முன்னால வச்சிருப்பான்" என்றார்.

ஆக, ஊரிலுள்ள அத்தனை ஸ்பேனரும் சந்தனம் பூசிக்கொண்டு ஓய்வெடுத்தன. ஓட்டைக்குத் துணியைச் சுற்றி அடைத்தேன். மறுநாள் மகாநவமி, ஊருக்கெல்லாம் லீவு. கப்பலுக்கு லீவு கிடையாது, ஹோட்டலுக்கும் கிடையாது. பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

கிழக்கேகோட்டையில் என் கணவர் வேறு ஆளாக இருந்தார். கூட்டத்தில் எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோர இடத்தில் குடையைப் போட்டுப் பிடித்து வைத்து, "இங்க வா, இங்க வா" என்று கையசைத்தார். எந்த டிரைவர் வேகமாக ஓட்டுவார், எந்த நிறுத்தத்தில் மீன்கூடைக்காரிகள் ஏறுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு வருஷமாக வீட்டில் இவ்வளவு பேச்சு நான் கேட்டதில்லை. கண்டக்டர் வந்தபோது, "ரண்டு விழிஞ்ஞம்" என்று டிக்கெட் எடுத்தார். அவர் கோவளத்தில் இறங்க வேண்டியவர். கோவளம் வந்தது, இறங்கவில்லை. விழிஞ்ஞத்தில் என்னோடு இறங்கி, ஆபீஸ் கேட் வரை நடந்து, பிறகு எதிர்ப்பக்கம் போய் நின்று திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெயிலில் குடையை விரிக்க மறந்து நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷம் கார் ஓட்டிய மனிதருக்கு அது என்ன போல்ட் என்று தெரியாமலா இருக்கும்?

சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். பஸ் நகர்ந்ததும் கேட்டேன். "அது இல்லாம வண்டி ஓடாதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே வெச்சேள்?"

உள்ளங்கையிலிருந்த கடலைத் தோலை ஊதினார். "தெரியும்" என்றார். "கார் போச்சுன்னா நீ என்கூட பஸ்ல வருவேன்னு நெனச்சேன். தனியாப் போயிண்டு வந்துண்டு அலுத்துப்போச்சு."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்று நினைத்தேன், பாதி அப்படித்தான். இத்தனை நாள் பில், செலவு, விலை என்று என்னோடு மல்லுக்கட்டியதெல்லாம் இதற்குத்தானா? என்னிடமிருந்து என் காரைப் பிடுங்கித்தான் இவருக்குத் துணை வேண்டுமா?

"கார்ல முன்சீட்டு ரெண்டு வருஷமாக் காலியாத்தானே கிடக்கு?"

"அந்தப் பக்கம் உக்கார மனசு வரலை."

"வரவழைச்சுக்கணும். நான் காரை விக்க மாட்டேன். உங்களுக்காகவும் மாட்டேன்" என்றேன். பஸ்ஸில் எங்களுக்கு முன்வரிசையிலிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தார். தட்டில் பரப்பிய அரிசியில், எழுத்துக்குத் தொடக்கமாக, விரலால் ஹரிஸ்ரீ எழுதினோம். எழுதிய கையோடு போல்ட்டையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். மரைகளுக்குள் போயிருந்த சந்தனத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்ட வேண்டியிருந்தது. வாஷரைக் கோத்து, முறுக்கி, வெளியே வந்து புனலில் ஆயிலை ஊற்றினேன். அளவுகோலை உருவி, துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில். ஸ்டார்ட் செய்ததும் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்து, இரண்டு மூச்சு விடுவதற்குள் அணைந்தது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, பேப்பரை விரித்து அடியில் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. எழுந்து நின்றபோது எதிர்வீட்டு மாமி, "ஆச்சோ?" என்றாள். "ஆச்சு மாமி, பேஷா ஆச்சு" என்றேன்.

காரைப் பலகையிலிருந்து இறக்கி, அளவை இன்னொரு முறை பார்த்துவிட்டு, குளித்துச் சேலை கட்டி ஆபீசுக்குக் கிளம்பினேன். அவரைக் கூப்பிடவில்லை. பஸ்ஸில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஸ்டார்ட் செய்தபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பின்கதவு. டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார், வாடகைக் காரில் ஏறியவர் போல.

இன்ஜினை அணைத்தேன்.

"என்னாச்சு?" என்றார்.

"நான் டிரைவர் இல்லை. முன்னால வாங்கோ."

"இங்கயே சௌகரியமா இருக்கு. நீ போ."

"நேக்கு சௌகரியமா இல்லை."

கோவிலுக்குப் போகிறவர்கள் காரைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் குனிந்து உள்ளே பார்த்து, முன்னால் நான், பின்னால் அவர் என்று கண்டு, என்ன கேட்பதென்று தெரியாமல் நடந்தார். நான் சாவியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். எட்டே கால் தாண்டிவிட்டது. லேட்டானால் ஆகட்டும்.

பின்கதவு திறந்து மூடியது. வீட்டுக்குள் போகிறார் என்றே நினைத்தேன். போனால் போகட்டும் என்று சாவியைப் போட்டபோது முன்கதவு திறந்தது. உட்கார்ந்தார். காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையை இரண்டு தடவை இடம் மாற்றினார். பெல்ட் இடது தோளுக்கு மேலே, அவருக்குப் பார்வை இல்லாத பக்கத்தில் தொங்கியது. கை காற்றைத் தடவியது. நான் எட்டி இழுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவரே கண்டுபிடிக்கும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொக்கி விழுந்த சத்தம் கேட்டதும் முதல் கியரைப் போட்டேன்.